இரண்டு முறை தட்டினால் விட்டுவிட வேண்டும்

என் சட்டைக் கையைக் கடைசி வரை விடாத கஸ்தூரிக்கு,

மூன்று வருடம் தாமதமாக எழுதுகிறேன். உன் படத்திறப்பு அன்று உன் தம்பி என் கையில் மைக்கைக் கொடுத்து, "கூடப் படிச்சவங்க நீங்க, ரெண்டு வார்த்த பேசுங்கக்கா" என்றான். நான் "வணக்கம்" என்றேன். அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. மைக்கை அவனிடமே கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்துவிட்டேன். அன்றைக்குப் பேச வேண்டியதை இப்போதுதான் எழுதுகிறேன்.

நீ இருந்தால் என்ன சொல்வாய் என்று தெரியும். "இன்னா தயிர்சாதம், என்னிக்கு நீ டைமுக்கு வந்துகீற, இன்னிக்கு வர்றதுக்கு?" அதுவும் சரிதான். காலேஜில் காலை ஆறரை மணி ஜூடோ பயிற்சிக்கு, மயிலாப்பூரிலிருந்து பத்து நிமிடத்தில் வந்துவிடக்கூடிய நான் தினமும் லேட். இரண்டு பஸ் மாறி வந்த நீ எனக்கு முன்னால் வந்து, தரையில் விரித்த மேட்டைத் துடைத்துக்கொண்டிருப்பாய்.

சரி, சேதிக்கு வருகிறேன். பவி ஜூடோ கற்றுக்கொள்கிறாள். ஆமாம், என் பெண் பவிதான். நீ கடைசியாகப் பார்த்தபோது எல்.கே.ஜி. படித்தாளே, அவளுக்கு இப்போது ஏழு முடிந்துவிட்டது. சிரிக்காதே. சிரித்தால் மேலே சொல்ல மாட்டேன்.

நானே எப்படிச் சேர்த்துவிட்டேன் என்றுதானே கேட்கிறாய்? போன வருடம் அவள் பள்ளியில் விளையாட்டு விழா. ஐம்பது மீட்டர் ஓட்டம். விசில் ஊதியதும் எல்லாக் குழந்தைகளும் பறந்தன. பவி மட்டும் சுண்ணாம்புக் கோட்டிலேயே நின்று கூட்டத்தில் என்னைத் தேடினாள். நான் எழுந்து நின்று, "ஓடு, ஓடு" என்று கையை ஆட்டினேன். அவள் நடந்தே வந்து சேர்ந்தாள். பக்கத்தில் இருந்தவர்கள் கைதட்டினார்கள், பாவம் என்கிற மாதிரி.

"ஏண்டா ஓடலை?"

"நீதானேம்மா எப்பவும் மெதுவா போ, மெதுவா போன்னு சொல்லுவே?"

அவள் பிறந்ததிலிருந்து நான் அதிகம் சொன்ன வார்த்தை அதுதான், கஸ்தூரி. படியில் மெதுவா. ஊஞ்சலில் மெதுவா. தெருவில் கையைப் பிடிக்க மாட்டேன், மணிக்கட்டைப் பிடிப்பேன், அது நழுவாது என்பதால். என் பயத்தை நான் என்னிடமே வைத்துக்கொண்டிருப்பதாக நினைத்தேன். அது அவள் காலுக்கு இறங்கிவிட்டிருக்கிறது. அன்று ஆட்டோவில் திரும்பும்போது, விழுவதற்குப் பயமில்லாத ஒரு ஆள் எனக்கு யாரைத் தெரியும் என்று யோசித்தேன். உன்னைத் தவிர யாரும் தோன்றவில்லை.

அடையாறில் ஒரு வீட்டு மாடி. மேலே தகரக் கூரை, கீழே பச்சையும் மஞ்சளுமாக மேட். பிரேமா மிஸ் என்று ஒரு பெண், நம் வயதுதான் இருக்கும், முப்பது குழந்தைகளை வைத்து நடத்துகிறாள். என் அம்மாவிடம் சொன்னபோது காபியைக் கீழே வைத்துவிட்டாள்.

"பொண் கொழந்தையைத் தூக்கிப் போட்டுண்டு, உருட்டிண்டு, என்னடி வெளையாட்டு அது? பாட்டு கிளாஸ் ஆத்துக்கு எதிர்லயே இருக்கு. உன் கை ஒடிஞ்சது போறாதா?"

"விழக் கத்துக்கத்தாம்மா அனுப்பறேன்."

"விழறதுக்கு கிளாஸ் வெச்சு நடத்தறவாளை இப்பத்தான் கேள்விப்படறேன்."

ஆனால் அதுதான் நடந்தது. முதல் ஆறு வாரம் விழுவது மட்டும். பின்னால் விழு, பக்கவாட்டில் விழு, உருண்டு எழுந்திரு. "கையை ஊனாதே. மேட்டை அடி. பெல்ட் முடிச்சைப் பாரு" என்று பிரேமா மிஸ் கத்துவது கீழே தெருவரைக்கும் கேட்கும். முடிச்சைப் பார்த்தால் தலை தரையில் படாது. உள்ளங்கை முதல் தோள் வரை முழுக் கையாலும் மேட்டை அறைந்தால் அடி உடம்புக்குள் போகாது, சத்தமாக வெளியே போய்விடும். படார் என்று சத்தம் வந்தால் நல்ல விழுகை. இதெல்லாம் எனக்குத் தெரியாததா? தெரிந்தும் நான் என்ன செய்தேன் என்பதைப் பின்னால் சொல்கிறேன். அவமானக் கதை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதமே.

அதற்கு முன் நம் முதல் நாளைக் கொஞ்சம் நினைத்துக்கொள்கிறேன். பி.டி. மேடம் எடை பார்த்து ஜோடி சேர்த்தார். வேறெந்த ஊரில், வேறெந்த வழியில் நாம் இரண்டு பேரும் ஜோடி சேர்ந்திருப்போம், சொல்லு? நான் குளத்தங்கரைத் தெரு. நீ ஆற்றோரக் குடிசை. எடை மிஷினுக்கு அது தெரியவில்லை. இரண்டு பேரும் நாற்பத்தெட்டு கிலோ.

"உன்னுது தயிர்சாதத்து வெய்ட்டு, என்னுது தண்ணிக் கொடம் தூக்குன வெய்ட்டு. ரெண்டும் ஒண்ணா மேடம்?" என்று நீ கேட்டாய். அன்றிலிருந்து நான் தயிர்சாதம். என்னைவிட நான்கு மாதம் பெரியவள் என்று கண்டுபிடித்ததும், அக்கா என்று கூப்பிடச் சொல்லி மூன்று வருடம் உயிரை வாங்கினாய். நான் கடைசி வரை கூப்பிடவில்லை.

ஜிம் சுவரில் இரண்டு வரி எழுதியிருக்கும், நினைவிருக்கிறதா? இந்த விளையாட்டை உண்டாக்கினவர் ஒரு வாத்தியார், அவர் சொன்னது என்று மேடம் விளக்குவார். ஒன்று, உன்னிடம் உள்ள பலத்தை வீணாக்காமல் செலவழி. இன்னொன்று, நீயும் வாழ், எதிரில் நிற்பவளும் வாழட்டும். முதல் வரி எனக்குப் புரியவே இல்லை. நீதான் பஸ்ஸை வைத்துப் புரியவைத்தாய்.

"பஸ்ல ஒருத்தன் இட்ச்சிக்கினு வரான்னு வெச்சிக்கோ. நீ இன்னா பண்ணுவ? எதுத்து நிப்ப. அவன் பெரிய ஆளு, நீ உழுவ. எதுக்கு எதுக்கற? அவன் வர்ற பக்கமே ஒரு அடி போ. அப்டியே திரும்பு. அவனுக்குப் புடிக்க ஆளு இல்ல, அவனே போய் கம்பில முட்டிக்குவான். அவ்ளோதான் ஜூடோ."

இரண்டாவது வரிதான் உனக்கே புரியவில்லை. "தூக்கியும் போட்ணும், அவளும் வாழ்ணும்னா எப்டி மேடம்?" என்று கேட்டாய். மேடம் உன்னைக் கூப்பிட்டு எறிந்து காட்டினார். எறியும்போது அவர் ஒரு கை உன் சட்டைக் கையைப் பிடித்தபடியே இருந்தது. நீ தரையைத் தொடும் நேரம் அந்தக் கை உன்னை லேசாக மேலே இழுத்தது. நீ எழுந்து தலைமுடியைக் கட்டிக்கொண்டே, "அட, இதான் அதுவா" என்றாய்.

அதற்குப் பிறகு நீ என்னை எத்தனை நூறு முறை எறிந்திருப்பாய். ஒரு முறைகூட என் சட்டைக் கையை விட்டதில்லை. "நாளைக்கு நீ வர்லன்னா நான் யார் கூடடி பழகறது?" என்பாய். ஜோடி இல்லாமல் இந்த விளையாட்டே இல்லை. இன்னொருத்தி தன் உடம்பை நம்பிக் கொடுத்தால்தான் நாம் ஒரு பிடியாவது கற்றுக்கொள்ள முடியும். பள்ளிக்கூடத்தில் பவிக்கு இதைச் சொல்லித்தர எந்தப் பாடம் இருக்கிறது? எல்லாவற்றிலும் பக்கத்துப் பெண்ணை முந்து, முந்து என்றுதானே?

இரண்டாம் வருடம் உங்கள் குடிசைகளை எடுத்து, உங்களை ஊருக்கு வெளியே அடுக்குமாடிக்கு அனுப்பினார்கள். மறுநாள் நீ வர மாட்டாய் என்று நினைத்தேன். வந்தாய். முதல் பஸ்ஸைப் பிடித்து வந்திருந்தாய். "எங்களையும் தூக்கிப் போட்டுட்டாங்க வசு, ஆனா சட்டக் கையப் புட்ச்சிக்காம போட்டுட்டாங்க" என்று சொல்லிச் சிரித்தாய். நான் சிரிக்கவில்லை. இன்றைக்கும் சிரிக்க முடியவில்லை.

நான் மணிக்கட்டை உடைத்துக்கொண்டதும் அந்த வருடம்தான். நீ எறிந்தாய், எப்போதும் போல். பயத்தில் கையை ஊன்றியது நான். நீ என் வீட்டுக்கு நாலு கொய்யாப்பழத்தோடு வந்து நின்றாய். அம்மா கேட்டாள், "நீதான் இவளைத் தூக்கிப் போட்டியா?" நீ சொன்னாய், "ஆமாம்மா. கை சரியானதும் திரும்பப் போடறேன்." அம்மா உன்னை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு, "ஒல்லிக் குச்சியா இருந்துண்டு எப்படிம்மா தூக்கறே?" என்று கேட்டு உள்ளே போய் உனக்கும் அடை வார்த்தாள். இன்றைக்கும் கொய்யாப்பழம் வாங்கினால் உன்னைப் பற்றிப் பேசுகிறாள்.

கை சரியானது. நீ சொன்னபடி திரும்பப் போட்டாய். பயம் மட்டும் என்னோடு தங்கிவிட்டது.

இப்போது நீ இல்லாத இடத்துக்கு வர வேண்டும். சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், உனக்கு அழுகாச்சி பிடிக்காது. ஆஸ்பத்திரியில் உன்னைக் கடைசியாகப் பார்த்த மதியம், உன் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பேசிக்கொண்டே இருந்தேன், நீ சரியாகிவிடுவாய், ஸ்கூலில் பிள்ளைகள் தங்கள் பி.டி. டீச்சருக்காகக் காத்திருக்கிறார்கள் என்று என்னென்னவோ. உன் விரல் என் உள்ளங்கையில் இரண்டு முறை தட்டியது. தட், தட். பிடியில் மாட்டிக்கொண்டவள் தட்டினால் அந்த நொடியே விட்டுவிட வேண்டும். ஏன் என்று கேட்கக்கூடாது, இன்னும் ஒரு நொடி என்று இழுக்கக்கூடாது. அதுதான் நாம் கற்றதிலேயே பெரிய சட்டம். "பவி ஸ்கூல் வுட்டு வந்துடுவா. போ" என்றாய். நான் விட்டுவிட்டு எழுந்தேன்.

விட்டிருக்க வேண்டாமோ? அன்று மட்டும் சட்டத்தை மீறியிருக்கலாமோ? மூன்று வருடமாக இதைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். நீ பதில் சொல்லாதே. மேலே கேள்.

பவியிடம் என்ன மாறியது என்று முதலில் சொல்கிறேன். வீட்டில் நானும் பவியின் அப்பா ரகுவும் சண்டை போட்டால், நடுவில் வந்து கையை நீட்டி, "மட்டே!" என்கிறாள். நடுவர் நிறுத்தச் சொல்லும் வார்த்தை. நாங்கள் இரண்டு பேரும் எதிரெதிரே நின்று தலை குனிந்து வணங்கினால்தான் மறுபடி பேச அனுமதி. வணங்கிவிட்டு யாரால் கோபமாகப் பேச முடியும்? ரகு சிரித்துவிடுகிறார், நான் தோற்றுவிடுகிறேன். போன மாதம் அவள் வகுப்பில் ஒரு பெண் இவளைத் தள்ளினாளாம். இவள் அப்படியே உருண்டு எழுந்து, "நல்லா தள்றே, ஜூடோ வர்றியா?" என்று கேட்டிருக்கிறாள். டீச்சர் போன் செய்து சொன்னார். புகாரா பாராட்டா என்று அவருக்கே தெரியவில்லை.

சரி, அவமானக் கதை. போன ஞாயிறு கே.கே. நகரில் ஒரு ஹாலில் நான்கைந்து ஜூடோ வகுப்புகளின் குழந்தைகளுக்குச் சின்னப் போட்டி. காலையிலிருந்து பவி நெற்றியை நான்கு முறை தொட்டுப் பார்த்தேன், காய்ச்சல் இருக்காதா என்று. கல் மாதிரி குளிர்ச்சியாக இருந்தாள். "அம்மா, எனக்கு ஒண்ணும் இல்லை. உனக்குத்தான் கை வேர்க்குது" என்றாள்.

எதிரில் ஆதம்பாக்கத்திலிருந்து ஹரிணி என்று ஒரு பெண். பவியைவிட அரைத் தலை உயரம், இரட்டைப் பின்னல், முன்பல் இரண்டும் இல்லை. இரண்டு பேரும் வணங்கினார்கள். பிடித்தார்கள். இழுத்தார்கள். திடீரென்று ஹரிணி உள்ளே நுழைந்து பவி காலைத் தட்டிவிட்டாள். பவி காற்றில் போனாள்.

படார்!

அந்தச் சத்தம் என்ன என்று எனக்குத் தெரியும், கஸ்தூரி. பதினெட்டு வயதிலிருந்து தெரியும். உலகத்திலேயே அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாத ஒரு ஆள் அந்த ஹாலில் உண்டென்றால் அது நான்தான். எனக்கு எலும்பு உடைந்த சத்தமாகக் கேட்டது. அடுத்து எனக்குத் தெரிந்தபோது நான் மேட்டின் நடுவில் நின்றுகொண்டிருந்தேன். செருப்போடு.

நடுவர் "மட்டே" என்றார், குழந்தைகளைப் பார்த்து அல்ல, என் காலைப் பார்த்து. ஒரு பெரியவர் "ஐயையோ" என்றார். பவி மல்லாந்து படுத்தபடியே தலையை மட்டும் தூக்கி, பெல்ட் முடிச்சைத் தாண்டி என்னைப் பார்த்தாள். ஒரு கீறல் இல்லை அவளுக்கு. முகம் மட்டும் சிவந்து போயிருந்தது.

"அம்மா! செருப்பு!"

ஹரிணி பொக்கை வாயைத் திறந்து, "ஆன்ட்டி, அது மேட்டு ஆன்ட்டி" என்று எனக்கு விளக்கினாள்.

செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு ஓரத்துக்கு வந்தேன். பிரேமா மிஸ் திட்டவில்லை. ஈரத் துணியை நீட்டி, "துடைச்சிட்டு, கும்பிட்டுட்டு எறங்குங்க. குழந்தைங்களுக்கு என்ன ரூலோ அதான் உங்களுக்கும்" என்றாள். அத்தனை பெற்றோரும் பார்க்க, மண்டியிட்டு என் செருப்புத் தடத்தை ஒவ்வொன்றாகத் துடைத்தேன். எட்டுத் தடங்கள் இருந்தன. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. காலை ஆறரை மணிக்கு நீ துடைக்கும்போது லேட்டாக வந்து நிற்பேனே, அதற்கெல்லாம் சேர்த்து ஒரே நாளில் துடைக்க வைத்தது நீதான் என்று தோன்றியது. ஓரத்தில் நின்று வணங்கிவிட்டு இறங்கினேன்.

"நீங்க முன்னாடி ஜூடோ பண்ணியிருக்கீங்களா? அப்படிக் கும்பிட்டீங்க" என்றாள் பிரேமா மிஸ்.

"பண்ணியிருக்கேன். செருப்பு இல்லாம" என்றேன்.

ஹரிணிக்கு அரைப் புள்ளி கொடுத்து ஆட்டத்தை மறுபடி தொடங்கினார்கள். நான் நாற்காலியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஹரிணி பலம் கொண்ட மட்டும் தள்ளினாள். பவி எதிர்த்து நிற்கவில்லை. அவள் தள்ளும் பக்கமே ஒரு அடி போனாள். திரும்பினாள். ஹரிணி இவள் இடுப்புக்கு மேல் ஏறி அந்தப் பக்கம் இறங்கினாள். பஸ், கஸ்தூரி! உன் பஸ்! அந்த நேரத்தில் நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, கையைத்தான் பார்த்தேன். அந்தக் குட்டிக் கை ஹரிணியின் சட்டைக் கையை இறுகப் பிடித்திருந்தது. கடைசியில் மேலே இழுத்தது.

அவளுக்கும் அரைப் புள்ளி. பிறகு ஹரிணி அவளைத் தரையில் அமுக்கி, மேலே படுத்து, பத்து நொடி அசைய விடாமல் பிடித்து இன்னொரு அரைப் புள்ளியும் எடுத்துவிட்டாள். பவி தோற்றாள். இரண்டு பேரும் வணங்கினார்கள். ஹரிணி இவள் பெல்ட்டைச் சரிசெய்துவிட்டாள்.

பவி ஓடி வந்து என் மேல் விழுந்தாள். "அம்மா, அவளைப் போட்டேன், பாத்தியா? கையை விடவே இல்லை, பாத்தியா? நீ எட்டு ஸ்டெப் வெச்சே, ஹரிணி எண்ணினா!" வியர்வையும் புழுதியுமாக இருந்தவளைக் கட்டிக்கொண்டேன். உன் பெயரைச் சொல்ல வாயெடுத்தேன், சொல்லாமல் இன்னும் இறுக்கிக்கொண்டேன்.

என் முதுகில் இரண்டு முறை தட்டினாள். தட், தட்.

விட்டுவிட்டேன். அந்த நொடியே விட்டுவிட்டேன், கஸ்தூரி. அவள் ஓடினாள். நடக்கவில்லை, ஓடினாள். ஹாலின் அந்தக் கோடிக்கு, ஹரிணி முறுக்குப் பாக்கெட்டைப் பிரித்துக்கொண்டிருந்த இடத்துக்கு. ஒரு முறைகூடத் திரும்பி என்னைப் பார்க்கவில்லை. எனக்கு அது போதும். ஆஸ்பத்திரியில் நீ தட்டியது போகச் சொல்வதற்குத்தான். விட்டது தப்பில்லை என்று அங்கே நின்றபோது புரிந்தது.

சனிக்கிழமை காலை அம்மாக்களுக்கும் வகுப்பு வைக்கிறாளாம் பிரேமா மிஸ். பெயர் கொடுத்துவிட்டேன். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. கொய்யாப்பழம் வாங்கிப் போய்ச் சொல்லலாம் என்று இருக்கிறேன். ஆறரை மணிக்கு ஆரம்பம். ஆறு பத்துக்கே போய் மேட்டைத் துடைத்து வைப்பேன், செருப்பு வாசலில் இருக்கும். பவி எப்போது தட்டினாலும் விடுவேன். எதிரில் யார் நின்றாலும் அவள் சட்டைக் கையை விட மாட்டேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு. இந்த முறை டைமுக்கு வருவேன், அக்கா.

உன்னைவிட நான்கு மாதம் சின்னவளான
உன் தங்கச்சி,
வசு